காலைக் காப்பதா, பிள்ளையைக் காப்பதா?

‘முடம்’ என்னும் ஒரு சொல்லுக்கு அஞ்சி உயிரையே இழந்த பிள்ளைகள் இந்நாட்டில் உண்டு. முழங்காலுக்கு மேலே எலும்பில் புற்று கண்டிருக்கிறது. காலை எடுக்க நேரலாம் என்று மருத்துவர் கூறுகிறார். அன்று மாலையே பெற்றோர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புகின்றனர். பிறகு எண்ணெய் போட்டு நீவுகிறவரிடமும், சீனச் சின்சேயிடமும், மலாய்ப் போமோவிடமும் அலைகின்றனர். தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி நேர்ந்துகொள்கின்றனர். மூன்று மாதமோ ஆறு மாதமோ கழிந்தபின், தொடை குடம்போல் வீங்கிய நிலையில், அதே மருத்துவமனையின் வாயிலுக்குத் திரும்பி வருகின்றனர். அப்போது காலைப் பற்றிய பேச்சுக்கே இடமிருப்பதில்லை. நோய் நுரையீரலை எட்டிவிட்டிருக்கும். மலேசிய எலும்பு மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிச் சலித்த செய்தி இது. தமிழருக்கு மட்டும் உரியதன்று. மலாயரிடமும் சீனரிடமும் உண்டு. ஆயினும் அடுத்த வீட்டுக் குறையைக் காட்டித் தன் வீட்டுக் குறையை மறைப்பது தமிழாசிரியர்க்கு அழகன்று. ஆதலின் இங்கே பேசப்படுவது தமிழ் வீடும் தமிழ்ப்பள்ளியுமே.

காவடி எடுப்பதைக் குறைகூறுவதற்கில்லை. மருத்துவமனையில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு அதன்பின் காவடி நேர்ந்துகொண்ட தாயை எந்த மருத்துவரும் தடுத்ததில்லை. மருந்துக்குப் பதிலாகக் காவடி என்று மாற்றி வைக்கும்போதுதான் பக்தி பிள்ளைக்குப் பகையாகிறது.

நோயின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். பிள்ளைகளுக்கு வரும் எலும்புப் புற்றுள் பெரும்பான்மையானது ஆஸ்டியோசர்க்கோமா எனப்படுவது. பத்து வயதுக்கும் இருபது வயதுக்கும் இடைப்பட்ட காலத்தில், எலும்பு விரைந்து நீளும் பருவத்தில், எலும்பு மிக விரைவாக வளரும் இடத்திலேயே அது தோன்றுகிறது. தொடை எலும்பின் கீழ்முனை, கணைக்கால் எலும்பின் மேல்முனை, தோளையொட்டிய மேற்கை எலும்பு ஆகியன அதற்குப் பிடித்த இடங்கள். பாதிக்கும் மேற்பட்டவை முழங்காலைச் சுற்றியே வருகின்றன. நோய் அரியது, உலகில் பத்து இலட்சம் மக்களுக்கு ஆண்டொன்றுக்கு மூன்று நான்கு பேர்க்கே காண்கிறது. ஓர் ஆசிரியர் தம் பணிக்காலம் முழுவதும் இந்நோயுற்ற ஒரு மாணவனைக்கூடக் காணாமல் ஓய்வு பெறலாம். அரியது என்பதாலேயே அது தப்பிவிடுகிறது. முழங்கால் வலிக்கிறது என்று சொல்லும் நூறு பிள்ளைகளுள் தொண்ணூற்றொன்பது பேருக்குப் பந்து விளையாட்டில் பட்ட அடியே காரணம். நூறாவது பிள்ளையையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவது எளிது.

அந்த நூறாவது பிள்ளையின் வலி சில வாரம் சென்றும் தணிவதில்லை. விளையாடாத நாளிலும் வலிக்கும். இரவில் உறக்கத்தைக் கலைக்கும். மூட்டருகே வீக்கம் தோன்றி நாள்தோறும் கூடும். சிறிய தடுக்கலில் எலும்பு முறிவதும் உண்டு. இவற்றைக் காண மருத்துவப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை. வாரத்தில் ஐந்து நாள், நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் அப்பிள்ளையைக் கண்முன் வைத்திருப்பவர் ஆசிரியர். திடலில் ஓடாமல் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டவனை ‘சோம்பேறி’ என்று விரட்டும் ஆசிரியரும் உண்டு. ‘வளர்கிற வயதில் வலிக்கத்தான் செய்யும்’ என்று ஆறுதல் கூறி அனுப்பும் ஆசிரியரும் உண்டு. முன்னவர் கடியவர், பின்னவர் கனிவுடையவர். பிள்ளைக்கு விளையும் கேட்டில் இருவருக்கும் வேறுபாடில்லை. ‘மூன்று வாரமாக நொண்டுகிறான், எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்’ என்று பெற்றோரை அழைத்துச் சொல்லும் மூன்றாமவரே வேண்டப்படுகிறார்.

சுளுக்கு என்று நீவுவது தீங்கற்ற வேலை என்னும் எண்ணமும் பரவலாக உள்ளது. சாதாரணச் சுளுக்குக்கு அஃது உண்மையாக இருக்கலாம். புற்றுக்கட்டியை அழுத்திப் பிசைவது வேறு. தைவான் மருத்துவர்கள் இதனை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டில் எழுதியுள்ளனர். நீவுதலுக்கு ஆட்பட்ட எலும்புப்புற்று நோயாளரிடையே நோய் பரவுதலும் மீண்டும் தோன்றுதலும் மிகுந்திருந்தன என்பது அவர்கள் கண்ட முடிபு. பாட்டியின் கையும் எண்ணெய்க் கிண்ணமும் அன்பின் அடையாளங்கள்தாம். எக்ஸ்ரே படம் ஒன்றை எடுத்துவிட்டு அவை தம் பணியைத் தொடங்கட்டும்.

இனி, காலை எடுப்பது என்ற பேச்சுக்கு வருவோர் அதன் வரலாற்றையும் அறிந்து வருதல் நன்று. 1970க்கு முன்னர் இந்நோய்க்கு ஒரே மருத்துவம் காலை வெட்டி நீக்குவதாகவே இருந்தது. அப்படி வெட்டியும் ஐந்து பேருள் நால்வர் இறந்தனர். காலில் கட்டி தெரியும் நாளிலேயே கண்ணுக்குப் புலனாகாத புற்றணுக்கள் நுரையீரலில் குடிபுகுந்திருந்தமையே காரணம். காலை வெட்டியவர்கள் நோயை வெட்டவில்லை. 1970களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரில் நார்மன் ஜாஃபி முதலிய மருத்துவர்கள் மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தைப் பேரளவில் செலுத்தி அவ்வணுக்களை அழிக்க முயன்றனர். 1973 நவம்பரில் அமெரிக்க மேலவை உறுப்பினர் எட்வர்டு கென்னடியின் மகனுக்குப் பன்னிரண்டாம் வயதில் வலக்கால் நீக்கப்பட்டது; அவனும் அம்மருத்துவம் பெற்றுப் பிழைத்தான். பின்னாளில் வழக்குரைஞராகி மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கு உழைத்தவர் அவர். 1977இல் கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்னும் பதினெட்டு வயது இளைஞர் வலக்காலை இழந்தார். 1980 ஏப்ரல் 12 தொடங்கி, செயற்கைக் காலுடன் 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்டினார். நோய் நுரையீரலில் மீண்டும் தோன்றியதால் ஓட்டத்தை நிறுத்தி, 1981இல் இருபத்திரண்டாம் வயதில் மறைந்தார். அவர் பெயரால் நடைபெறும் ஓட்டத்தில் மலேசியரும் ஓடியுள்ளனர். ஓடியவருள் எத்தனை பேர், அந்த இளைஞருக்கு வந்தது தம் பிள்ளைகளுக்கும் வரக்கூடிய நோயே என்று அறிந்திருப்பர்?

அறுவை மட்டும் போதுமா, மருந்தும் வேண்டுமா என்ற வினாவுக்கு 1986இல் அமெரிக்க ஆய்வொன்று ஐயமற விடை தந்தது. அறுவை மட்டும் பெற்றவருள் ஈராண்டு நோயின்றி இருந்தோர் நூற்றுக்குப் பதினேழு பேர். மருந்தும் சேர்த்துப் பெற்றவருள் அறுபத்தாறு பேர். ‘அறுவை முடிந்துவிட்டது, ஊசி மருந்தால் முடி கொட்டுகிறது, வாந்தி வருகிறது, போதும், வீட்டுக்குப் போகலாம்’ என்று பாதியில் நிறுத்துகிற பெற்றோர் இவ்விரண்டு எண்களையும் எழுதி மேசைமேல் வைத்துக்கொள்ள வேண்டும்.

காலை வெட்டாமலே புற்றை நீக்கும் மருத்துவம் பிறந்த கதை விந்தையானது. நியூயார்க் நகரத்து மருத்துவமனை ஒன்றில் 1970களில், நோயுற்ற எலும்புப் பகுதியை மட்டும் நீக்கி அவ்விடத்தில் உலோக எலும்பைப் பொருத்த முனைந்தனர். ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவெடுத்து அவ்வுலோக எலும்பைச் செய்து முடிக்க இரண்டு மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை பிள்ளையை வெறுமனே வைத்திருக்க மனமின்றி, கெரல்ட் ரோசன் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் மருந்தைச் செலுத்தினர். கட்டி சுருங்கியது, வலி தணிந்தது, அறுவையின்போது வெளிவந்த கட்டியை ஆராய்ந்ததில் புற்றணுக்கள் பெருமளவில் மடிந்திருந்தன. கொல்லனின் பட்டறைக்காகக் காத்திருந்த காலமே மருத்துவத்தின் முதற்பகுதி ஆயிற்று. இன்று உலகெங்கும் முதலில் ஏறத்தாழ பத்து வாரம் மருந்து, பின்னர் அறுவை, மீண்டும் பல மாதம் மருந்து என்பதே முறை. அங்கேயும் பிள்ளை மூன்று மாதம் காத்திருந்தது. இங்கேயும் நீவுகிறவர் வீட்டுத் திண்ணையில் மூன்று மாதம் காத்திருக்கிறது. அங்கே அந்த மூன்று மாதம் காலையும் உயிரையும் காத்தது. இங்கே இரண்டையும் கொண்டுபோகிறது.

இத்துறையில் தமிழர் பின்தங்கியவர் அல்லர் என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும். வெளிநாட்டில் செய்த உலோக எலும்பு ஏழைக்கு எட்டாக் கனியாய் இருந்த காலத்தில், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பேராசிரியர் மயில்வாகனன் நடராசன் உள்நாட்டிலேயே நோயாளியின் அளவுக்கு ஏற்ப அதனைச் செய்வித்துப் பொருத்தலானார். 1980களின் இறுதியில் தொடங்கிய அப்பணியால் பல நூறு கால்கள் காக்கப்பட்டன. 2007இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கினார். திரைப்பட நடிகரின் பிறந்தநாளை ஒப்புவிக்கும் மாணவனிடம் இவர் பெயரைக் கேட்டால் விழிப்பான். அவன்மீது குற்றமில்லை, எவரும் சொல்லித் தரவில்லை.

பிள்ளை வளருமே, உலோகம் வளருமா என்பது நல்ல கேள்வி. காலின் வளர்ச்சியில் ஏறத்தாழ மூன்றில் இருபங்கு முழங்காலைச் சுற்றியே நிகழ்வதால், அங்கே வளர்முனையை இழந்த சிறுவனுக்கு ஒரு கால் குட்டையாகும். இதற்கென நீளக்கூடிய உலோக எலும்புகள் வந்துள்ளன. இலண்டனையடுத்த ஸ்டான்மோரில் 2002இல் பொருத்தப்பட்ட வகை இன்னும் வியப்பானது. எலும்பினுள்ளே ஒரு காந்தமும் சிறு பற்சக்கரப் பெட்டியும் இருக்கும். வெளியே காலைச் சுற்றி ஒரு மின்காந்த வளையத்தை வைத்து இயக்கினால் உள்ளிருக்கும் காந்தம் சுழன்று, நான்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவில் எலும்பை நீட்டும். கத்தி படாமல், மயக்கமருந்து இன்றி, பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே கால் நீள்கிறது. அறிவியல் ஆசிரியர் காந்தப் பாடம் நடத்தும்போது ஊசியையும் ஆணியையும் மட்டுமே எடுத்துக்காட்ட வேண்டுமென்று பாடத்திட்டம் கட்டளையிடவில்லை.

இவ்வளவும் சொன்னபின் ஓர் எச்சரிக்கை. காலைக் காக்கும் மருத்துவம் ஒன்று உண்டு என்ற செய்தியே இப்போது புதிய கேட்டுக்கு வழி செய்திருக்கிறது. முன்பெல்லாம் பெற்றோர் நீவுகிறவரைத் தேடி ஓடினர். இப்போது, ‘காலை எடுக்காமலே குணமாக்குவேன்’ என்று யார் சொல்வார் எனத் தேடி ஊர் ஊராக, நாடு நாடாக ஓடுகின்றனர். ஓட்டத்தின் பெயர் மாறியது. இழக்கும் மாதங்கள் மாறவில்லை. நல்ல மையங்களில் பத்தில் எட்டு ஒன்பது பிள்ளைகளுக்குக் காலைக் காக்க முடிகிறது என்பது உண்மையே. எஞ்சிய ஒன்றிரண்டு பேருக்கு முடிவதில்லை. பெரிய இரத்தக் குழாயையும் நரம்பையும் கட்டி சூழ்ந்துவிட்டால், முறிந்த எலும்பின் வழியே பரவிவிட்டால், முறையறியாது சதை எடுத்துச் சோதித்ததால் அணுக்கள் சிதறிவிட்டால், காலைக் காக்க முயல்வது கட்டியை மிச்சம் வைப்பதாகும். சோதனைக்குச் சதை எடுப்பதுகூட பின்னர் அறுவை செய்யவிருக்கும் மருத்துவரின் பொறுப்பில் நடைபெற வேண்டும் என்பது இதனால்தான்.

தொடையின் கீழ்முனையில் புற்றுக்கண்ட 227 பேரை ஆராய்ந்து 1986இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வு, காலைக் காத்தவர்க்கும் காலை நீக்கியவர்க்கும் உயிர்பிழைப்பதில் வேறுபாடு இல்லை என்று காட்டியது. இதனை இருபுறமும் படித்தல் வேண்டும். தக்க பிள்ளைக்குக் காலைக் காப்பதால் உயிருக்கு இடர் கூடுவதில்லை. காலை நீக்கியதால் பிள்ளை தோற்றுப்போனதாகவும் ஆவதில்லை. காக்கப்பட்ட காலுக்கும் தொல்லைகள் உண்டு. உலோகம் தளரும், கிருமி பற்றும், மறு அறுவை வேண்டும், உதைபந்து ஆட இயலாது. செயற்கைக் கால் பூண்டவர் சிலர் அவரினும் விரைந்து ஓடுவர்.

வியன்னா மருத்துவர்கள் 1970களில் புற்றுக்குப் பயன்படுத்திய ஒரு முறையைச் சொன்னால் தமிழ்த் தாயர் திடுக்கிடுவர். முழங்காலை நீக்கிவிட்டு, கீழ்க்காலைப் பின்முன்னாகத் திருப்பித் தொடையோடு இணைக்கின்றனர். கணுக்கால் முழங்காலின் வேலையைச் செய்கிறது. பார்வைக்கு அது புதுமையானது. செயற்கைக் கால் மாட்டியபின் அப்பிள்ளை ஓடும், மிதிவண்டி ஓட்டும், பந்து விளையாடும். ‘பார்ப்பவர் என்ன சொல்வார்’ என்று கேட்டுக்கொண்டிருக்கும் சமுதாயத்தில் அத்தகைய பிள்ளைக்கு அந்த நல்வாய்ப்பு கிட்டுவது அரிது.

‘பெண்பிள்ளை ஆயிற்றே, யார் மணம் முடிப்பார்’ என்று கேட்பாரும் உளர். இக்கேள்வி பத்து வயதுச் சிறுமியின் படுக்கையருகே, அவள் காதில் விழும்படியே கேட்கப்படுவதுண்டு. உயிரோடிருக்கும் பெண்ணுக்கே மணம் பேச முடியும் என்பதைத் தவிர இதற்கு விடை கூறுவது வீண். ‘பணம் இல்லையே’ என்பது அங்ஙனம் தள்ளத்தக்கதன்று. அரசு மருத்துவமனையில் குடிமக்கள் செலுத்தும் கட்டணம் சிறிது. உலோக எலும்பின் விலையோ பெரிது. அதற்கென மருத்துவ சமூகநலப் பிரிவின் வழியாக அரசின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்கும் வழி உண்டு. விண்ணப்பப் படிவம் மலாய்மொழியில் இருக்கிறது. தொழிற்சாலையில் இரவுவேலை பார்க்கும் தந்தைக்கு அதை நிரப்பித் தருவதற்கு ஓர் ஆசிரியர் அரைமணி நேரம் ஒதுக்கலாம். அதை விடுத்து, பிள்ளையின் வீங்கிய காலைப் படமெடுத்து ஊரெல்லாம் காட்டிப் பொருள் திரட்டுவதே தொண்டு என்று எண்ணுவோர் பெருகிவிட்டனர். கொடை நன்று. தான் காட்சிப்பொருள் ஆனதைப் பிழைத்த பிள்ளை வளர்ந்தபின் காண நேரும் என்பதை அவர்கள் நினைப்பதில்லை.

பினாங்குப் பிள்ளைக்கு மற்றொரு சுமையும் உண்டு. வட மாநிலங்களுக்கெல்லாம் மேல்சிகிச்சை இடமாக விளங்கும் பினாங்கு மருத்துவமனை ஜார்ஜ்டவுனிலேயே இருக்கிறது. ஆயினும் எலும்புப்புற்று அறுவைக்குப் பெயர்பெற்றவை கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும், கிளந்தான் குபாங் கிரியானிலுள்ள அறிவியல் பல்கலைக்கழக மருத்துவமனையும் ஆகும். பின்னதன் தலைமை வளாகம் பினாங்கிலேயே இருப்பது ஒரு வேடிக்கை. தாய் பிள்ளையோடு செல்ல, தந்தை வேலையில் நிற்க, எஞ்சிய பிள்ளைகள் அண்டைவீட்டில் உண்ணும் நிலை மாதக்கணக்கில் நீடிக்கும். அந்த எஞ்சிய பிள்ளைகளும் ஏதோ ஒரு தமிழ்ப்பள்ளியில்தான் படிக்கின்றனர். அவர்கள் வீட்டுப்பாடம் செய்யாமல் வருவதற்குக் காரணம் கேட்டறிந்தோர் எத்தனை பேர்?

மருத்துவம் இருக்கட்டும், தமிழாசிரியர்க்கே உரிய பங்கு ஒன்று உண்டு. ‘முடம்’, ‘நொண்டி’ என்னும் சொற்கள் எங்கிருந்து இத்தனை நஞ்சைப் பெற்றன? நொண்டி நாடகம் என்றோர் இலக்கிய வகை தமிழில் செழித்திருந்தது. திருச்செந்தூர் நொண்டி நாடகம், சீதக்காதி நொண்டி நாடகம் என இந்து சமயத்தாரும் இசுலாமியரும் அதில் நூல் செய்தனர். கதைப்போக்கு பெரும்பாலும் ஒன்றே. திருடன் ஒருவன் கணிகையிடம் பொருளிழந்து, குதிரை திருட முயன்று பிடிபட்டு, தண்டனையாகக் கால் வெட்டப்படுகிறான். இறுதியில் இறையருளால் கால் மீண்டும் வளர்கிறது. நாடகம் என்ற அளவில் சுவையானதே. ஆயின் அதன் கருத்து இன்றும் வீடுகளில் உலவுகிறது. கால் இழப்பது பாவத்தின் தண்டனை. மீள்வதாயின் அற்புதத்தால் மட்டுமே. புற்றுநோயுற்ற பிள்ளையைப் பார்க்க வருவோர் ‘எந்தப் பிறவிப் பாவமோ’ என்று பெருமூச்செறிவது அந்நாடகத்தின் எச்சமே அன்றி வேறென்ன?

அதே தமிழில் வேறொரு மரபும் உண்டு. சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு ஒரு பாண்டியன் கதையைக் கூறுகிறது. கீரந்தை என்னும் அந்தணன் வீட்டுக் கதவைத் தட்டிய தன் கையைத் தானே துணித்துக்கொண்ட மன்னன் அவன். பிற்காலம் அவனைப் பொற்கைப் பாண்டியன் என்று போற்றியது. பொன்னாலான கையோடு அரியணையில் அமர்ந்தவனை எவரும் முடவன் என்று கூறவில்லை. செயற்கை உறுப்பைப் பெருமையாக்கிய பெயரைப் படைத்த மொழிக்கு, உலோக எலும்போடு வகுப்பறைக்குத் திரும்பும் பிள்ளையை அழைக்க நல்ல சொல் கிடைக்கவில்லையாம். தமிழ்நாட்டரசு 2010இல் ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லை ஆட்சிமொழியில் ஏற்றது. மலேசியப் பள்ளிகளில் அச்சொல் கட்டுரைப் போட்டியில் வருகிறது. திடலில் ‘டேய் நொண்டி’ என்பதே வருகிறது. அதைக் கேட்டும் கேளாதவர்போல் நடந்து செல்லும் ஆசிரியர், மறுநாள் மரபுத்தொடர்ப் பாடத்தில் ‘நொண்டிச் சாக்கு’ என்பதற்குப் பொருள் எழுதச் சொல்கிறார். மரபுத்தொடரை நீக்க வேண்டியதில்லை. அதைக் கற்பிக்கும் நாளில் முதல் வரிசையில் யார் அமர்ந்திருக்கிறார் என்று பார்த்துக்கொண்டால் போதும்.

மருந்தும் அறுவையுமாக எட்டு மாதம் முதல் ஓராண்டு வரை பிள்ளை பள்ளியை விட்டு விலகியிருக்கும். கல்வி அமைச்சு 2011இல் கோலாலம்பூர், அம்பாங், செர்டாங் மருத்துவமனைகளில் தொடங்கி, பின்னர்ப் பிற மாநிலங்களுக்கும் விரித்த மருத்துவமனைப் பள்ளித் திட்டம் உள்ளது. அங்கே பிள்ளையின் தமிழ் என்ன ஆகிறது என்று கேட்க வேண்டியது அவன் படித்த தமிழ்ப்பள்ளியே. வாரம் ஒரு சிறுகதையும் நண்பர்களின் கடிதமும் அனுப்புவதற்கு ஒரு பொறுப்பாசிரியர் போதும். ஆறாம் ஆண்டுத் தேர்வும் 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகையால் தேர்வைக் காட்டி மருத்துவத்தைத் தள்ளிப்போட எந்தப் பெற்றோருக்கும் இனிக் காரணமில்லை.

மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இல் இயற்றப்பட்டது. 2019 முதல் எப்பிள்ளையையும் மறுத்தல் ஆகாது என்பது அமைச்சின் கொள்கை. எனினும் தாளில் உள்ள கொள்கை தானே படியேறி வருவதில்லை. பினாங்கு மாநிலத்தில் இருபத்தெட்டுத் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஊன்றுகோலோடு திரும்பும் பிள்ளையின் வகுப்பு மாடியில் இருந்தால், அவ்வகுப்பையே கீழ்த்தளத்துக்கு மாற்ற ஒரு காலைப்பொழுது போதும். கழிப்பறையில் ஒரு கைப்பிடி பொருத்தப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கைச்செலவே போதும். காலைக்கூட்டத்தில் அவனுக்கு ஒரு நாற்காலி போடலாம். பக்கத்தில் மற்றொரு நாற்காலியும் போட்டு நண்பன் ஒருவனை உட்கார வைக்கலாம். உடற்கல்வி நேரத்தில் அவனை வகுப்பில் தனியே அடைத்துவைக்காமல், ஊதுகுழலைக் கையில் கொடுத்து நடுவராக நிறுத்தலாம்.